பல் டாக்டர் மைக் பிடித்த படம்

இன்றைக்கும் யாராவது அந்தப் படத்தைப் பற்றி வாய் நிறையச் சிரித்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் வாலிபனாக இருந்த எவனும் அதை மறந்திருக்க மாட்டான். ஹாங்காங்கில் எடுத்த குங்ஃபூ படம், சண்டை பாதி, சிரிப்பு பாதி. படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் ஊரின் மேல். ஊர் என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் பல் வைத்தியம் பார்த்து வந்த சீனர் அவர். இரண்டு வயதில் அப்பாவின் தோளில் இந்த ஊருக்கு வந்தவர். அப்பா போன பிறகு அதே நாற்காலி, அதே குறடு, அதே போர்டு. தாமலைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். "வாயைத் தொறந்துக்கினு பேசாத இரும்மா, கைய கடிச்சிடப் போற" என்று அவர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பிள்ளையார்பாளையத்து ஆள் என்றுதான் நினைப்பீர்கள்.

ஆனால் காகிதத்தில் அவர் அந்நியர். அறுபத்திரண்டில் சீனாவோடு நடந்த சண்டைக்குப் பிறகு அவருக்கு ஊரைவிட்டு நகர அனுமதி வேண்டும் என்றார்கள். பக்கத்தில் இருக்கிற ஐயம்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். மாமனார் செத்தபோது இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அனுமதி வாங்கிக்கொண்டு தாமல் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தார், எப்படியாவது இந்த நாட்டுக் குடிமகன் என்று ஒரு காகிதம் வாங்கிவிடுவதென்று.

அந்த மனுவை எழுதியவன் நான். பட்டு சொசைட்டியில் குமாஸ்தாவாக இருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பேன். "மனுதாரருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, சீனாவோடு எந்தத் தொடர்பும் கிடையாது" என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து சினிமாக் கொட்டகைக்காரருடையது. அவர் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். ஆள் அப்படி.

மனு போய் ஒரு மாதம் இருக்கும். அமாவாசை அன்று படம் வந்தது. அமாவாசைக்குத் தறி ஓடாது, நெசவாளிகள் எல்லாருக்கும் லீவு. அதனால் எங்கள் ஊரில் எந்தக் கொட்டகைக்காரரும் புதுப்படத்தை அன்றைக்குத்தான் இறக்குவார். பகல் காட்சிக்கே கூட்டம் நெரிந்தது. சண்டை வந்தால் விசில் பறந்தது. பேச்சு வந்தால் ஆட்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது, அதுவும் திரைக்குக் கீழே இருந்த கறுப்புத் துணியில் விழுந்து பாதி தெரியவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சாவு வீடு போலக் கொட்டகை கம்மென்று இருந்தது. கொட்டகைக்காரர் இடைவேளையில் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"டாக்டரைக் கூப்பிட்டு மைக்குல சொல்லச் சொல்லுங்களேன்" என்று சொன்னது யார்? நான்தான். வேறு எந்த முட்டாளும் இல்லை.

எனக்காவது உறைத்திருக்க வேண்டும். என் வீட்டில் பேசுவது தெலுங்கு. நாலு தலைமுறையாக இங்கே தறி போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஒரு தெலுங்குப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பேன். காளஹஸ்தியில் நான் வாயைத் திறந்தால் கடைக்காரன் சிரிப்பான். அப்படிப்பட்ட நான், மூக்கையும் கண்ணையும் பார்த்து, இவருக்கு இந்தப் பாஷை தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "எனக்கு அந்த பாஷை தெரியாதுபா. எங்கப்பா பேசினது வேற. அதுலயும் சோறு, தண்ணின்னு நாலு வார்த்தைதான் எனக்கு வரும்."

"உன் மூஞ்சிக்குத் தெரியாத சைனா பாஷையா டாக்டரே" என்றார் கொட்டகைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உன் பேப்பர்ல மொத கையெழுத்து போட்டவன் கேக்கறேன். வரமாட்டியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மனு எழுதியவன் நான் ஒருவன்தானே அங்கே உண்மை தெரிந்தவன். நான் சொன்னேன், "சும்மா வாயில வந்தத சொல்லுங்க டாக்டர், யாருக்கு இன்னா தெரியப் போவுது."

அவர் சொன்னார். முதல் பத்து நிமிஷம் தட்டுத்தடுமாறினார். திரையில் ஒரு சலவைக் கடை, அங்கே ஒரு சோம்பேறி வேலைக்காரன். ஈரத் துணியைச் சாட்டையாய்ச் சுழற்றிச் சண்டை போடக் கற்றுக்கொள்கிறான். தொந்தி முதலாளி அவனை மூச்சுவிடாமல் திட்டினான். டாக்டர் மைக்கில் சொன்னார்: "அமாவாசை அன்னிக்கும் தறிக்குழியில எறங்கச் சொல்றான்பா."

கொட்டகை இடிந்து விழாத குறை. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வில்லன் முறைத்தால், "கடவாப்பல் ஆடுது, குறடு எடுத்துனு வரவான்னு கேக்கறான்" என்றார். கதாநாயகி அழுதால், "ஜரிகை சரியில்லைன்னு புடவைய திருப்பி அனுப்பிட்டாங்களாம்" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த மனுஷனுக்கு இவ்வளவு வித்தை இருக்கிறதென்று அதுவரை யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

நாலு நாள் ஓடவேண்டிய படம் மூன்று வாரம் ஓடியது. கூரத்திலிருந்தும் தாமலிலிருந்தும் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார்கள். போஸ்டர்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார் கொட்டகைக்காரர்: "சீன மொழியிலிருந்து நேரடியாகத் தமிழில் சொல்பவர் நம்ம ஊர் பல் டாக்டர்." ஊர்ச் சுவரெல்லாம் அது இருந்தது. மனுவை எழுதிய இதே கண்ணால் தினமும் அதைப் படித்துக்கொண்டு ஆபீஸ் போனேன். ஒரு நாள்கூட மண்டையில் உறைக்கவில்லை.

படம் போன பிறகு மனுவைப் பற்றி விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். கடைத்தெரு முழுக்கக் கேட்டார். டீக்கடைக்காரர் சொன்னார், "சைனா பாஷையா? தண்ணி பட்ட பாடு சார்." நூல்கடைக்காரர் சொன்னார், "படத்துல அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள இவரு சொல்லிடுவாரு." ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாருக்கும் டாக்டர்மேல் அன்பு, அவர் திறமைமேல் பெருமை. அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அன்பாவது மண்ணாங்கட்டியாவது. பக்கத்தில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தெரிந்துகொள்ளாத அன்பு எதற்கு உதவும்?

கடைசியில் ஏட்டு சொசைட்டிக்கு வந்தார். கையில் கிழித்தெடுத்த போஸ்டர். "தமிழைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு நீதான எழுதின?"

"ஆமா சார். அவருக்குத் தெரியாது. கொட்டகையில சொன்னதெல்லாம் சும்மா கட்டிவிட்டது."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரும் படம் பார்த்து என் பக்கத்து வரிசையில் சிரித்தவர்தான். "மூணு வாரம் டிக்கெட் போட்டு ஊரை ஏமாத்தினாருன்னு எழுதிக்கட்டுமா? இல்ல, மனுவுல நீ பொய் எழுதினன்னு எழுதிக்கட்டுமா? ஒண்ணு சொல்லு."

என் வேலை கண்முன்னால் வந்தது. "எனக்குத் தெரியாது சார்" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

மனு தள்ளுபடியானது. சீன மொழி நன்கறிந்தவர், தகவலை மறைத்திருக்கிறார் என்று ஒரு வரி. அதைப் படித்துக் காட்டியதும் நான்தான். டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்போது உட்கார்ந்திருந்த அம்மாவின் பல்லைப் பார்த்து முடித்துவிட்டு, கையைக் கழுவினார், மறுபடி கழுவினார்.

அடுத்த வருஷம் இன்னொரு குங்ஃபூ படம் வந்தது. அதுவும் அமாவாசைக்குத்தான். கொட்டகைக்காரர் ஆள் அனுப்பினார். டாக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. வழியில் மறித்தேன். "இன்னா டாக்டர் இது? திரும்பவும் அங்க போவறீங்க?"

"திரும்ப மனு போடணும் தம்பி" என்றார். "கொட்டகைக்காரரு கையெழுத்து வேணும். பாஷை தெரியாதுன்னா அவரு போட மாட்டாரு. தெரியும்னா கவர்மென்ட்ல குடுக்க மாட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

கொட்டகையில் மணி அடித்தது. போய் மைக்கை வாங்கினார். கொட்டகை முழுக்கக் கைதட்டியது.