நோசே மிட்சுயோ ஏற்றுக்கொண்ட ஓசை

1988ஆம் ஆண்டு அக்டோபர் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணிக்கு இபுகா சிசுரு முதன்முதலாக நோசே மிட்சுயோவைச் சந்தித்தாள். டோக்கியோவில், ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்த குரல்பதிவுக் கூடம் அது. வந்தவர்களில் இளையவள் என்பதால் கனத்த கதவைத் திறந்து பிடித்திருக்கும் வேலை சிசுருவுடையது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஐம்பது வயதுப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் நம்ம வீட்டு இரத்தக்காட்டேரியா? மூஞ்சில சொட்டு ரத்தம் இல்லையே."

அங்கே பதிவான 'மூடுபனி மாளிகை' என்னும் அனிமே சித்திரத் தொடரில் சண்டையோ அலறலோ கிடையாது. துறைமுகத்தைப் பார்த்த குன்றின்மேல் ஒரு பழைய மாளிகை. அதில் வயதே ஏறாத ஒரு பெண். அவளுக்கு விளக்கு ஏந்தும் ஒரு பணிப்பெண். விருந்தாளிகள் வருவார்கள், திரும்பிப் போவது அரிது. காட்டேரிப் பெண்ணாகச் சிசுரு பேசினாள். அவளுக்கு அதுவே முதல் பெரிய வேடம். பணிப்பெண்ணாக மிட்சுயோ.

மிட்சுயோ வானொலி நாடகத்தில் பேச ஆசைப்பட்டு நீகாட்டாவிலிருந்து வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக வாழ்ந்தார். அத்தை, மீன்காரி, காகம், அழும் குழந்தை என்று கிடைத்ததற்கெல்லாம் குரல் கொடுத்தார். ஒலிவாங்கிகள் மூன்றே இருக்கும். ஒருவர் விலக, இன்னொருவர் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அப்படிப் போகையில் துணி உரசக்கூடாது என்று வெளுத்துப்போன ஒரே பருத்திச் சட்டையை எப்போதும் அணிந்து வருவார். கைப்பையில் புளிப்புப் பிளம் பொதிந்த சோற்று உருண்டைகள் இருக்கும். அன்றும் ஒன்றைச் சிசுருவிடம் நீட்டினார். வெறும் வயிற்றில் மூச்சு தெளிவாக வரும் என்று எவரோ சொல்லியிருந்ததை நம்பி, அவள் பணிவாக மறுத்துவிட்டாள்.

ஒலி இயக்குநர் அகாபானே சுருக்கமாகப் பேசுபவர். ஒத்திகையில் சிசுரு இரண்டு முறை பிசகியதும் தன் அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "இந்தத் தொடர்ல வசனத்தைவிட அமைதிதான் முக்கியம், இபுகா-சான். கடைசிக் கட்டத்துல உங்க மூச்சு மட்டும் கேட்டாப் போதும். அது இன்னைக்கு வரலேன்னா அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பதிவு தொடங்கியது. படம் இன்னும் வண்ணம் பெறவில்லை; திரையில் வெறும் பென்சில் கோடுகள் நகர்ந்தன. கோட்டாலான மாளிகையில், கோட்டாலான பெண், உறங்கும் விருந்தாளியின் கழுத்தருகே குனிந்தாள். "விளக்க அணைச்சிடட்டுமா, சின்னம்மா?" என்று பணிப்பெண்ணாக மிட்சுயோ கேட்டார். அதன்பின் சிசுருவின் மூச்சு; நீண்டு, மெலிந்து, சரியாக வந்தது. அந்த அமைதியின் நடுவில் அவள் வயிறு குடகுடவென்று உருண்டு ஓய்ந்தது.

நாடா நின்றது. அந்தப் பகுதி முழுவதையும் தொடக்கத்திலிருந்து மறுபடி பதிய வேண்டும். மதியம் வேறிடத்தில் வேலையுள்ளவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். யாருடைய வயிறு என்று அகாபானே கேட்டார். சிசுரு வாயைத் திறப்பதற்குள், பக்கத்து ஒலிவாங்கியில் நின்ற மிட்சுயோ காலுறையணிந்த பாதத்தால் அவள் பாதத்தை அழுத்தினார்.

"என்னோடதுதாங்க. மன்னிக்கணும்."

"உங்க வயித்துக்கு நான் வசனம் எதுவும் குடுக்கலையே, நோசே-சான்."

எல்லோரும் சிரித்தார்கள். மிட்சுயோ ஒவ்வொருவராகத் திரும்பிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சிசுருவை வெளியே தள்ளிக்கொண்டு போய், ஒரு சோற்று உருண்டையை அவள் வாயில் திணித்தார். அடுத்த முறை மூச்சு பழுதில்லாமல் வந்தது. சிசுருவின் வேடம் நிலைத்தது.

பணிப்பெண்ணோ தொடர் முடியும்வரை வர வேண்டியவள். வாரம் செல்லச் செல்ல அவளுடைய வசனம் இளைத்தது; ஐந்தாம் பகுதியின் கதைத்தாளில் காட்டேரி அவளையே கடித்துவிட்டாள். அமைதியான தொடருக்கு அமைதியான ஆட்கள் வேண்டும் என்று அகாபானே தேநீர் வேளையில் சொன்னதாகச் சிசுருவின் காதுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிட அவள் அவருடைய அறையை நோக்கி நடந்தாள். மிட்சுயோ படிக்கட்டில் வழிமறித்தார்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? எழுதினத மாத்த மாட்டாரு. உன் வேலையும் போகும். ரெண்டு பேரும் பட்டினி கெடந்தா யாருக்கு லாபம்?"

"உங்களுக்கு நான் எப்படி..."

"இன்னைக்கு என்னையே சாப்பிடப் போற. வேற என்ன வேணும் உனக்கு?"

அன்று இருவரும் அருகருகே நின்றார்கள். பணிப்பெண் தானாகவே விளக்கை ஊதி அணைத்துக் கழுத்தைக் காட்டும் கட்டம். சிசுருவின் மூச்சு நடுங்கியது. நிறுத்த முயன்றும் நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அகாபானே முதன்முறையாகக் கையை உயர்த்திப் பாராட்டினார். மிட்சுயோ எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, காலணியை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அன்று கதவைத் திறந்து பிடித்திருந்தவளும் சிசுருதான்.

அந்தத் தொடரால் சிசுரு பெயர் பெற்றாள். சலவைக்கடையின் நீராவி வாசம், வண்ணமேறாத அந்தத் திரை, பிளம் புளிப்பு ஆகிய மூன்றும் அவள் நினைவில் ஒரே காலையாக ஒட்டிக்கொண்டன. வேலையைவிட்டு நீகாட்டாவில் தங்கை வீட்டோடு போய்விட்ட மிட்சுயோவுக்கு ஆண்டுதோறும் புத்தாண்டு அட்டை அனுப்பினாள். ஏதாவது தேவையென்றால் தயங்காமல் கேட்கும்படி ஒவ்வொன்றிலும் எழுதினாள். பதிலுக்கு வரும் அட்டையில் பனி எவ்வளவு விழுந்தது என்பது மட்டும் இருக்கும்.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு மழைநாள் மதியம், தொலைபேசி ஒலித்தது.

"ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்" என்றார் மிட்சுயோ.

சிசுரு நிமிர்ந்து நின்றாள். பணமோ, வேடமோ, இருக்க இடமோ, எது கேட்டாலும் சரி என்று சொல்ல வாய் தயாராக இருந்தது.

"மாளிகையை மறுபடி டிவில போடறாங்க. என்னைக் கடிக்கிற எடத்துல உன் மூச்சு நடுங்குதே. அது நடிப்பா?"

"இல்ல, நோசே-சான்."

"அப்பவே நெனச்சேன்" என்றார் மிட்சுயோ. "சாப்பிட்டியா?"

சாப்பிட்டதாகச் சிசுரு சொன்னாள். நல்லது என்று சொல்லி மிட்சுயோ தொலைபேசியை வைத்தார். அதன்பின் அவர் எதையும் கேட்கவில்லை.