தாளத்துக்கு ஒரு கை

என் வலது கை நடுவிரலில் பாதி நகம் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் ராஜபாளையம் வந்தால் காட்டுகிறேன். மற்றதற்கெல்லாம் என் வார்த்தைதான் சாட்சி. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்த எல்லாமே விடிந்த பிறகு நடந்தது.

நான் சதீஷ். சிறிய பேண்டேஜ் யூனிட் வைத்திருக்கிறேன். துணியைச் சுருட்டி, வெட்டி, பாக்கெட் போட்டு அனுப்புவோம். இந்த ஊரில் ஜாஸ் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி ஹெப்சிபா எல்லோரிடமும் சொல்வாள், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல. பெங்களூரில் படித்தபோது பிடித்தது அது. ஒரு சின்ன ஹாலில் கச்சேரி. முன்வரிசையில் இடம் கிடைத்தது. டிரம்ஸ் வாசித்தவர் பாதியில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கையில் இரண்டு கம்பி பிரஷ் எடுத்தார். இடது கை டிரம் தோல்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஷ்ஷ்... ஷ்ஷ்... வலது கை அதற்கு நடுவில் மெல்லத் தட்டியது. டப்... டப்... பாட்டு முடிந்து ஹாலே கைதட்டியபோது நான் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ரெக்கார்டு சேர்க்கிறேன். இரண்டு பீரோ நிறைய இருக்கிறது. கேட்பதற்கு எனக்கு ஒரே நேரம்தான். விடிகாலை, வீடு எழுவதற்குமுன். கையில் கருப்பட்டிக் காப்பி. ரெக்கார்டின் ஒரு பக்கம் மட்டும். அதோடு எழுந்து யூனிட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் சோலைச்சாமிக்கு என் பைத்தியம் தெரியும். ரெக்கார்டு ஏதாவது எடைக்கு வந்தால் போன் செய்வார். போன ஆவணியில் அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு பிளேட்டு வந்திருக்கு அண்ணாச்சி. வாரீகளா?"

போனேன். வெள்ளை உறை. உறையில் எழுத்து இல்லை. நடுவில் இருந்த லேபிளும் மங்கிப் போயிருந்தது. யார் வாசித்தது, என்ன பாட்டு, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரெக்கார்டு புதிது போல மின்னியது. அதுவே எனக்கு ஆச்சரியம்தான். எடைக்கு வருகிற ரெக்கார்டு எதுவும் அப்படி இருக்காது.

மறுநாள் காலையில் ஊசியை வைத்தேன். பியானோ. மிக மெதுவான ராகம். அதற்கு அடியில்... ஷ்ஷ்... ஷ்ஷ்... எனக்கு மயிர் கூச்செறிந்தது. அப்படி ஒரு பிரஷ் வாசிப்பை நான் எந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. தேய்க்கிற சத்தம் மட்டுமே கேட்டது. தட்டுகிற கையைக் காணோம். டிரம்மர் ஏன் ஒரே கையால் வாசிக்கிறார்?

அடுத்தடுத்த நாள்களில் வேறு ரெக்கார்டு எதையும் நான் தொடவில்லை. கேட்காமல் இருப்பு கொள்ளவில்லை. ஒரு நாள் காலை, தட்டுகிற சத்தமும் கேட்டது. டப்... டப்... இன்னொரு கை வந்துவிட்டது! இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று சிரித்துக்கொண்டேன்.

பின்னால் ஹெப்சிபாவின் குரல்.

"எதுக்கு இந்தத் தட்டு தட்டுறீங்க? பிள்ளை முழிச்சுக்கிட்டா."

குனிந்து பார்த்தேன். என் வலது கைதான். நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம். எல்லோரும் கண்மூடி அமைதியாக இருந்தார்கள். டப்... டப்... முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். இடது கையால் வலது கையை இறுகப் பிடித்தேன். பிடிக்குள் கோழிக்குஞ்சு துடிப்பதுபோல அது துடித்தது.  வீட்டு வாசலில் வைத்து ஹெப்சிபா, "டாக்டர்கிட்டப் போவோம்" என்றாள். நாளைக்கு என்றேன்.

மறுநாள் காலை, அந்தப் பாட்டை என் போனில் பதிவு செய்து மதுரையில் இருக்கும் வேல்பாண்டிக்கு அனுப்பினேன். என்னோடு பெங்களூரில் படித்தவன். என்னைவிடப் பெரிய ஜாஸ் பைத்தியம். 'இந்த டிரம்மர் யார்?' என்று கேட்டிருந்தேன். யூனிட்டில் நுழையும்போது அவன் கூப்பிட்டான்.

"எந்த டிரம்மரு?"

"பிரஷ் வாசிக்கிறாரே, அவருதான்."

"ஏலே, பிரஷ்ஷும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதே ரெக்கார்டு எங்கிட்டயும் இருக்கு. தனிப் பியானோ. வாசிச்சது மொத்தமே ஒரு ஆளுதான்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்று பார்த்து, வெட்டு மெஷின் ஓட்டுகிற இருளப்பசாமி லீவு. அவசர ஆர்டர். நானே நின்றேன். சுருட்டிய துணியை வட்டக் கத்தி துண்டு துண்டாக வெட்டும். மோட்டார் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது.

ஆனால் கேட்டது.

ஷ்ஷ்... ஷ்ஷ்...

யாராவது பஞ்சுத் தூசியைப் பெருக்குகிறார்களா? திரும்பிப் பார்த்தேன். இல்லை. ஈஸ்வரி பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

ஷ்ஷ்... ஷ்ஷ்...

என் இடது காதுக்குப் பக்கத்தில்.

வலது கை எழும்பியது. மெஷின் மேசைமேல் இறங்கியது. டப்.

இழுத்தேன். வரவில்லை.

டப். கொஞ்சம் முன்னால்.

டப். இன்னும் கொஞ்சம்.

கத்தி... சுற்றிக்கொண்டிருந்தது.

டப்...

"அண்ணாச்சி! கை!"

ஈஸ்வரி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். கத்தி இழுபட்டு நின்றது. வெள்ளைத் துணியில் ரத்தம். பாதி நகம்தான் போயிருந்தது. விரல் இருந்தது.

எங்கள் துணியாலேயே ஈஸ்வரி கட்டுப் போட்டாள். 

"தவறிப் பட்டிருச்சு" என்றேன்.

"தவறியா? நீங்களாத்தான வச்சீக அண்ணாச்சி... சிரிச்சுக்கிட்டே."

நான் சிரித்ததாக எனக்கு நினைவே இல்லை.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஹெப்சிபாவிடம் சொன்னேன். அவள் ரெக்கார்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்புங்க" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சோலைச்சாமி, அந்த ரெக்கார்டு எடைக்கு வந்த வீட்டு வாசல்வரை எங்களைக் கூட்டிப்போய் விட்டார்.

கதவைத் திறந்தவர் ஆவுடையம்மாள். வயதானவர். பைக்கு வெளியே தெரிந்த வெள்ளை உறையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கையக் காட்டுங்க தம்பி."

காட்டினேன். கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நகத்தோட போச்சா... ஆண்டவன் இருக்கான்."

அவர் கணவர் சுந்தரபாண்டியன். பட்டாளத்து பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். கல்கத்தாவில் இருந்தபோது வாங்கிய ரெக்கார்டு அது.

"பட்டாளத்துல இருந்து வந்த பொறவு மில்லுல சேந்தாவ. வலது கைய மெஷினு எடுத்துக்கிருச்சு. அதுக்கும் அசரல. டிரங்குப் பெட்டி மேல பேப்பர விரிச்சு, இடது கையால தேச்சுக்கிட்டே இருப்பாவ. விடிஞ்சா இந்தப் பாட்டுதான். பாக்கச் சகிக்காம நான் அழுவேன். 'விடுட்டி, வலது பக்கத்துக்கு யாரு கையாவது வரும்'னு சொல்லுவாவ."

"யார் கை வந்துச்சு?" ஹெப்சிபா கேட்டாள்.

ஆவுடையம்மாள் உள்ளே பார்த்து, "பாண்டித்துரை, தண்ணி கொண்டா" என்றார்.

அவர் மகன் வந்தான். என் வயதுதான் இருக்கும். செம்பை இடது கையால் நீட்டினான். வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது.

"அவிய போன மறு வருசம்" என்றார் ஆவுடையம்மாள். "இவனும் மில்லுதான்."

ஹெப்சிபா எழுந்தாள். வாசலில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கினாள். ரெக்கார்டைத் தரையில் வைத்து ஓங்கிப் போட்டாள். ஒரு தடவை இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கும்வரை. எல்லாம் கறுப்புச் சில்லுகள். ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளி, தெருமுனைக் கிணற்றில் கொட்டினாள்.

என் வலது கையைப் பார்த்தேன். அசையவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அது என் கையாக இருந்தது. அழுகை வந்துவிட்டது.

பாண்டித்துரை எங்கள் வண்டிவரை கூட வந்தான். ஏதோ சொல்ல நினைத்துத் தயங்கினான். நான் வண்டியைக் கிளப்பியதும், கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்.

"நானும் உடைச்சுத்தான் அண்ணாச்சி பேப்பர் கடைச் சாக்குல போட்டேன். இதைவிடப் பொடியா."