ஆறுமுகம் பிடிக்க மறுத்த கைப்பிடி

செய்தி வந்தபோது நான் ராயபுரம் டீக்கடையில், போன மழைக்குக் கவிழ்ந்த ஆட்டோவை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோவுக்குள் நான்கு பேரும் ஓர் எருமையும் இருந்த கட்டத்தில் போன் அடித்தது. என் தங்கை சரசு.

"அண்ணா, அவரு கம்பெனில டீ டம்ளரோட கீழ வுளுந்துட்டாருங்... ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சுங்ண்ணா."

"எங்க மாப்பிள்ளை ஆறுமுகம் போயிட்டாரு" என்றேன். கடையில் ஒருவரும் நம்பவில்லை. "பத்துல ஒண்ணுன்னு வெச்சா, காய்ச்சல்ல படுத்திருக்காருங்களா?" என்று கேட்டுச் சிரித்தார் ஒருவர்.

அந்தக் கணக்கை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே ஆறுமுகம்தான். "மச்சான் எதைச் சொன்னாலும் பத்துல ஒண்ணு எடுத்துக்கோணுமுங்க" என்பார். அவரோடு பெருமாநல்லூர் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்த நீங்கள், இன்று ஒருநாள் மட்டும் என்னை வகுக்காமல் படியுங்கள்.

அவர் காதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பது மிஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில் இடி விழுந்தாலும் நமக்குக் கேட்காது. அவர் கதவருகே டீயோடு நின்று கண்ணை மூடுவார். "ஒம்பதாம் நம்பரை நிறுத்துங்க. ஒரு ஊசி போச்சு." ஊசி முறிந்தால் துணியில் விழும் கோடு இன்னும் கீழே இறங்கியிருக்காது. நிறுத்திப் பார்த்தால், ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளில் ஒன்றே ஒன்றின் கொக்கி முறிந்திருக்கும்.

அந்தக் காது ஒருநாள் என் பக்கம் திரும்பியது. அவர் மகள் நந்தினி பன்னிரண்டாவது முடித்த விடுமுறை. நாங்கள் நால்வரும் கோயம்புத்தூரில் அறிவியல் அருங்காட்சியகம் பார்க்கப் போயிருந்தோம். ஆளைப் பூசணிக்காய் ஆக்கும் கண்ணாடி முன்னால் நின்று, "இதுதான் என் உண்மையான திருவுருவம், ஊட்டுக் கண்ணாடியெல்லாம் பொறாமை புடிச்சது" என்று அறிவித்தேன். சரசு சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் இரண்டு இரும்புக் கைப்பிடிகளும் ஒரு முரசும். கைப்பிடிகளைப் பற்றினால் நம் நாடித்துடிப்புக்கு ஏற்ப முரசு தானாக அடிக்கும். நந்தினி பிடித்தாள், பிறகு சரசு. மூன்றாவதாக நான் மகாராஜாவைப் போல நடந்துபோய்ப் பற்றினேன். "பல்லடம் வரைக்கும் காதைப் பொத்திக்கச் சொல்லுங்க! சிங்கத்தோட நெஞ்சு இது!"

முரசு அடித்தது. ஆறுமுகம் கண்ணை மூடினார்.

"மச்சான், பேசாதீங்க."

"ஏன் மாப்ள, பயமா?"

"கையை எடுக்காதீங்க. பேசாதீங்க." அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. டும், டும், டும். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டும், டும், டும். பிறகு ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யின்போது நானே இல்லாமல் போய்த் திரும்பி வருவது போலிருந்தது. உள்ளங்கை வியர்த்து இரும்பு வழுக்கியது.

"நாலுக்கு ஒண்ணு வுடுதுங்க" என்றார்.

"அப்பா, மிஷின் கோளாறா இருக்கும்" என்றாள் நந்தினி.

"உனக்கும் அம்மாவுக்கும் சீராத்தானே கண்ணு அடிச்சுது? மிஷின்ல ஒண்ணுமில்ல. வாங்க மச்சான், போலாமுங்க."

கார் சாவியை என் பையிலிருந்து அவரே எடுத்து நந்தினியிடம் கொடுத்தார். அவள் லைசென்ஸ் எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டில் இருந்த விரலை அவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை துடிப்பு விடும்போதும் அவர் விரல் இறுகும். அதை வைத்தே எனக்கும் தெரிந்துபோகும். வாழ்நாளில் நான் ஒரு பொய்கூடச் சொல்லாமல் போன பயணம் அதுதான்.

இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நின்றே போயிருக்கும் என்றார் டாக்டர். நெஞ்சுக்குள் ஒரு சின்ன மிஷினை வைத்துத் தைத்தார்கள். ஆறுமுகம் வந்து என் மார்பில் காதை வைத்துக் கேட்டார். "இப்பச் சீரா ஓடுதுங்க" என்றார்.

"நீங்க மட்டும் அன்னைக்குக் கைப்பிடியைப் புடிக்கவே இல்லியே மாப்ள? இன்னொரு நாள் போயிப் பாத்துப்புடலாம்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேண்டாமுங்க மச்சான். ஊசி போனா எனக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. அதான் பயம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஊரு நெஞ்சையெல்லாம் கேக்கறவருக்கு சொந்த நெஞ்சுன்னா பயமாம்!" என்று சரசுவிடமும் நந்தினியிடமும் சொல்லி, டீக்கடைக்கும் கொண்டுபோய், அந்த ஆண்டு முழுக்க அதை ஓட்டினேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. நானும் கூட்டிப்போகவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போனாரே, அதுபோல ஒரு தடவை கையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

கண்டதையும் பத்தால் பெருக்கிய நான், அவர் பயத்தை மட்டும் பத்தால் வகுத்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் நந்தினியையும் சரசுவையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்ண்ணா" என்றாள் சரசு. "பயமா இருக்குதா?" என்று கேட்டேன். ஆமென்று தலையை ஆட்டினாள். நான் சிரிக்கவில்லை. பெயரைக் கூப்பிடும்வரை அவள் மணிக்கட்டில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவரைப் போல எனக்குக் கேட்கத் தெரியாது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அதுதான்.