யாசீன் தேடிய இரைச்சல்

முடிச்சூர் மெயின் ரோட்டில், தண்ணீர் கேன் கடைக்கும் மூடிக்கிடக்கும் ஒரு ஏ.டி.எம்முக்கும் நடுவில் யாசீனின் வைண்டிங் கடை இருக்கிறது. எரிந்துபோன மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். வயது நாற்பத்தெட்டு. மோட்டார் ஒழுங்காக ஓடினால் யாரும் அவரை நினைப்பதில்லை. மறுபடி எரிந்தால் தேடி வருவார்கள். அதில் அவருக்குப் பெரிய குறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் முப்பது வருடம் பிறர் பொருளையே கையில் வைத்திருந்தவருக்கு, தான் செய்த ஒன்று நாலு பேர் முன்னால் ஒருமுறையாவது ஒலிக்க வேண்டும் என்று போன வருடம் ஆசை வந்தது.

அது எலெக்ட்ரிக் கிட்டாராக ஆனதற்குக் காரணம் டேனியல். கூரியர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸ்தினாபுரத்தில் ஒரு சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். தன் கிட்டாரில் பிக்கப் செத்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுவந்தார். தந்திகளுக்கு அடியில், காந்தத்தின் மேல் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றி வைத்திருக்கும் சின்னப் பெட்டி அது. யாசீன் பிரித்துப் பார்த்துவிட்டு, இதுவும் காயில்தானே என்றார். சுற்றிக் கொடுத்தார். சில மாதங்களில் தானே ஒரு கிட்டார் செய்ய இறங்கினார். கழுத்தை மட்டும் வாங்கினார். உடம்பைக் குன்றத்தூர் ரோட்டு மரவாடியில் கிடைத்த தேக்குத் துண்டில் அறுத்தார். ரிச்சி தெருவில் எப்போதோ வாங்கிப்போட்ட ஒரே ஒரு ரீல் மெல்லிய கம்பியில் காயிலைச் சுற்றினார். ஈஸ்டர் ஆராதனையில் இதையே வாசிக்கிறேன் என்று டேனியல் வாக்குக் கொடுத்தார்.

வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் கிட்டார் இரையத் தொடங்கியது. பழைய டியூப் லைட்டின் சோக் இரைகிற மாதிரிச் சத்தம். தந்தியில் விரல் வைத்தால் அது கொஞ்சம் மாறியது, நிற்கவில்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலவும் இருந்தது. டேனியல் வந்து அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தார்.

“குரல் நல்லா கீது பாய், சும்மா சொல்லல. ஆனா உள்ள ஒரு வண்டு குந்திகினு கீது. நான் பாட்ட நிறுத்துனா அது பாடுது.”

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இரைச்சல் போனால் இந்தக் கிட்டார், போகாவிட்டால் டேனியலின் பழைய கிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

யாசீன் கிட்டாரை எட்டு முறை திறந்தார். தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலத்திலிருந்து வரும் எர்த் கம்பியைப் பிடுங்கி மறுபடி ஈயம் வைத்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் முதுகில் இருந்த பற்றுகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். உட்குழி முழுவதும் செம்புத் தாள் ஒட்டினார். இரைச்சல் அப்படியே இருந்தது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி பரிதா ஒருநாள் சொன்னார்:

“ஃபிரிட்ஜு என்னைக் கிள்ளுது. கிட்டாரு உங்களைக் கிள்ளுது. ரெண்டுத்துக்கும் ஒரே வூட்டுக் கரண்டுதானே?”

“ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். ஒம்பது வருஷமா இதே பாட்டு உனக்கு.”

வைண்டிங் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோளாறு பிடிபடவில்லையென்றால் காயிலை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றிவிடுவார்கள். மோட்டாரில் அது பெரும்பாலும் பலிக்கும். காரணம் தெரியாமலே வேலை முடிந்துவிடும். ஈஸ்டருக்கு நாலு நாள் முன்னால் யாசீன் கத்தியை எடுத்துக் காயிலை வெட்டினார். வெட்டிய கம்பி காலையில் வந்த குப்பை வண்டியில் போயிற்று. பழைய ரீலில் மிச்சம் போதவில்லை. கடையில் இருந்த, அதைவிடச் சற்றுத் தடித்த கம்பியைச் சுற்றினார். போட்டுப் பார்த்தபோது இரைச்சல் குறைந்தது போல இருந்தது. கிட்டாரின் எல்லா ஒலியும் குறைந்திருந்தது என்பதைக் கவனிக்க அவருக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை மதியம் சர்ச்சில் ஒத்திகை. டேனியல் கிட்டாரைச் செருகினார். இரைச்சலே இல்லை. ஒலியைக் கூட்டினார், அப்போதும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாசீன் எழுந்து நின்றுவிட்டார். டேனியல் வாசிக்கத் தொடங்கினார். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார், திருகைத் திருப்பினார், மறுபடி வாசித்தார். பிறகு கீழே இறங்கி வந்தார்.

“வண்டு போயிச்சு பாய். ஆனா குரலும் அதுகூடவே போயிச்சு. இன்னா பண்ணீங்க?”

“காயில மாத்துனேன்.”

“அது நல்லாதானே இருந்துச்சு?”

டேனியல் கிட்டாரைத் துணி உறையில் போட்டு இரண்டு கையாலும் யாசீனிடம் கொடுத்தார். ஈஸ்டருக்குத் தன் பழைய கிட்டாரைத்தான் வாசித்தார்.

ஒத்திகை நடந்த அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் யாசீன் கிட்டாரைச் செருகினார். இரைந்தது. சர்ச்சில் இரையாதது வீட்டில் இரைகிறதென்றால் கோளாறு கிட்டாரில் இல்லை. பிறகு ஒரு குண்டு பல்பில் இரண்டு கம்பி கட்டி, ஒன்றைச் சுவர் பிளக்கில் கரண்ட் வரும் ஃபேஸ் துளையிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தே வீட்டில் இல்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் எல்லோரும் தரையை உயர்த்தினார்கள். யாசீனும் இரண்டரை அடி மண் கொட்டி உயர்த்தினார். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய எர்த் குழி புதுப் படிக்கட்டுக்கு அடியில் போயிற்று. குறுக்கே வந்த கம்பியை மேஸ்திரி வெட்டட்டுமா என்று கேட்டபோது, வெட்டு, அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் யாசீன். அந்த அப்புறம் வரவில்லை.

அதைப் பரிதாவிடம் சொன்னார். அவர் கோபப்படவில்லை.

“நான் சொன்னப்ப ஒரு பல்ப வெச்சுப் பாத்திருக்கலாம்” என்றார்.

திங்கட்கிழமை யாசீன் கடப்பாரையால் படிக்கட்டின் ஓரத்தை உடைத்தார். பச்சை பூத்த கம்பி நுனியைக் கண்டுபிடித்துப் புதுக் கம்பியோடு சேர்த்தார். ஃபிரிட்ஜ் கிள்ளுவது நின்றது. கிட்டாரும் அடங்கியது. ஒரு மனிதர் தன் வீட்டிலேயே செய்த தவறைத் தன் கைவேலையில் தேடினார் என்று இதைச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்குவதால் அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது.

பிறகு பழைய கனத்திலேயே கம்பி வாங்கி இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். இரண்டு முறையும் டேனியல் வந்து வாசித்துவிட்டு, பரவாயில்லை என்றார். மின்விசிறிக்கு ஒரு சுற்றுகூடத் தப்பாமல் எண்ணுகிறவர், முதல் பிக்கப்பை மட்டும் எண்ணாமல் சுற்றியிருந்தார். தனக்காகச் செய்வதற்குக் கணக்கு எதற்கு என்று அன்று தோன்றியதாம். அந்தக் குரலைத் தந்தது எத்தனை சுற்று என்பது இனி யாருக்கும் தெரியாது.