சிரிப்பு மட்டும், அரசியல் வேண்டாம்

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்க்க இரண்டிரண்டு பேராகத்தான் போவோம். ஒருவர் மொட்டைமாடி இயந்திர அறையில், மற்றவர் கீழே. எனக்கு வாய்த்த ஜோடியை எல்லோரும் அட்மின் என்றே கூப்பிடுவார்கள். இணையத்தில் ‘சிரிப்பு மட்டும்’ என்று ஒரு நகைச்சுவைக் குழு நடத்துகிறார், அதனால் வந்த பெயர். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கொசு, குறட்டை, பல் வைத்தியர், மாமியார் என்று எதை வேண்டுமானாலும் அங்கே கிண்டலடிக்கலாம். அரசியல் மட்டும் கூடாது. கட்சி, வரி, விலைவாசி என்று லேசாக வாடை அடித்தாலே பதிவைத் தூக்கிவிடுவார். விலைவாசியை விட்டால் மனுஷன் வேறு எதைப் பார்த்துத்தான் சிரிப்பது என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

“நீங்க சிரிக்காட்டியும் பரவாயில்ல. அடிச்சுக்காம இருந்தா போதும்” என்பார்.

காரணம் இருந்தது. அவருக்கு ஒரே அண்ணன், பஸ் டிரைவர். ஒரு தேர்தல் சமயத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இருவருக்கும் கட்சிப் பேச்சு முற்றி, ‘என் சாவுக்குக்கூட வராதே’ என்பதுவரை போய்விட்டது. அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதன் பிறகுதான் இந்தக் குழுவையே தொடங்கினார். கொஞ்ச நாளில் அண்ணனும் ‘ஸ்டியரிங்’ என்ற பெயரில் வந்து சேர்ந்துகொண்டார். தம்பி ஜோக் போட்டால் அண்ணன் ஒரு சிரிப்புப் பொம்மை போடுவார், அண்ணன் போட்டால் தம்பி போடுவார். உறவு என்று மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்தப் பொம்மை வராத நாளில் அட்மின் என்மேல் எரிந்து விழுவார்.

ஒரு மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, ஸ்டியரிங் போட்ட புதுப் பதிவை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

“எங்க ரூட்டையே அரசாங்கம் நிறுத்திடுச்சு. பஸ் லேட்டு, பஸ் லேட்டுன்னு என்னைத் திட்டினவங்களே, இனிமே நிம்மதியா இருங்க. அது வரவே வராது!”

படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குள் அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் ஆட்சியைத் திட்ட, இன்னொருவர் முந்தைய ஆட்சியை இழுத்தார். ‘என் பதிவைத் தூக்கினீங்களே, இவருக்கு மட்டும் என்ன சலுகை?’ என்று மூன்றாவது ஆள் கிளம்பினார்.

“விடுங்க, உங்க அண்ணன்தானே” என்றேன்.

“அண்ணனுக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயமா?”

சொல்லிக்கொண்டே பதிவை அழித்தார். அதோடு விட்டிருக்கலாம். எல்லோருக்கும் அனுப்புகிற வாசகத்தையே அண்ணனுக்கும் அனுப்பினார்: ‘அன்பரே, இங்கு சிரிப்பு மட்டும்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே ஸ்டியரிங் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அடுத்த வாரம் அண்ணி ஃபோன் செய்தார்.

“தம்பி, உங்க அண்ணனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. சரியா சாப்பிடறதுகூட இல்ல. பழசெல்லாம் மறந்துட்டு ஒரு தடவை வந்துட்டுப் போங்க.”

தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் சவரம் செய்யாத முகத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா” என்றார் அட்மின்.

“சொன்னேனேடா.”

அண்ணன் தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு ஃபோன் பண்ண வாய் வரல. நீ கண்டிப்பா பாக்கற எடம் அது ஒண்ணுதான்னு அங்க போட்டேன். நீ சிரிப்பே, அப்புறம் என்னாச்சுண்ணான்னு கேப்பேன்னு நெனச்சேன்.”



“சிரிச்சேண்ணா” என்றார் அட்மின்.