கரண்ட் வந்தால் திரும்பும் பெயர்

இன்று மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை.

கடையை நடத்தும் அம்மாவின் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். கடையின் லினக்ஸ் கம்ப்யூட்டருக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். ஒவ்வொரு பிரிண்டின் அடியிலும் அது வருகிறது.

“ஏனுங்க, இன்னும் அவருதான் பிரிண்ட் போடறாருங்களா?” என்று வரிசையில் ஒருவர் சிரித்தார்.

“மாத்திட்டேதானுங்க இருக்கறேன். கரண்ட் போய் வந்தா மறுக்கா அவரு பேரே வந்துருது.”

எனக்குக் கொஞ்சம் தெரியும். கம்ப்யூட்டரின் பெயரைச் சேமித்து வைக்கும் ஹோஸ்ட்நேம் ஃபைலைத் திறந்தேன். ஒரே வரி, அவர் பெயர்.

“இதுல மாத்துனா நிலைச்சிரும்மா.”

“அப்புறம் அவரு பேரு வரவே வராதுங்களா?”

“வராது.”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்ப வேண்டாமுங்க.”

மலையில் அடிக்கடி கரண்ட் போவதைக் கண்டித்து இன்று எழுதுவதாக இருந்தேன். வேறு யாராவது எழுதுங்களேன்.