அண்ணி படுக்கும் பக்கம்

என் அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் சாயங்காலம்தான் மறுபடி வண்டியை எடுப்பாள். நடுவில் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் சாய்ந்து, மதியம் வீட்டுக்கு வந்துவிடும் அண்ணனிடம் பேச ஆரம்பிப்பாள். எந்தப் பிள்ளை யாருடைய டிபனைத் தின்றது, எந்த அம்மா இன்னும் நைட்டியோடு வாசலுக்கு வருகிறாள், எந்த இரண்டு டீச்சர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் வரும். அண்ணன் 'ம்' கொட்டுவான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

அண்ணனுக்கு இடது காது கேட்காது. தகரம் வெட்டுகிற மெஷின் பக்கத்தில் நின்று நின்று, கல்யாணத்துக்கு முன்பே அது போய்விட்டது. வலது காது பாம்புச் செவி. அதனால் அண்ணி அவனுக்கு வலப்பக்கம் படுத்து, தன் இடது தோள் கீழே இருக்க ஒருக்களித்து, அந்தக் காதுக்குள் பேசுவாள். அண்ணன் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்பான். அவள் பக்கம் திரும்பினால் நல்ல காது தலையணைக்குள் புதைந்துவிடுமே!

போன மாதம் அண்ணி வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்தாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று சொல்லி இடது தோள் பக்கம் காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்து சேர்ந்தேன். "கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. அதுக்காக அசைக்காமலே கட்டிப்போட்டும் வைக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

தையல் நன்றாகத்தான் ஆறியது. வலிதான் சண்டித்தனம் செய்தது. ஜாக்கெட் உரசினால் வலி, இருமினால் வலி. நீலமாகக் கன்றியிருந்த இடம் பச்சையாகி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தலை வாருவது என் பொறுப்பு. "வகிடு கோணல்" என்று தினமும் ஒரு குறை சொன்னாள். அதையெல்லாம் இரண்டு பேரும் பொறுத்துக்கொண்டோம். இடப்பக்கம் ஒருக்களிக்க மட்டும் அவளால் முடியவில்லை. முதல் நாள் முயற்சி செய்துவிட்டு, "ஐயோ" என்று மல்லாந்துவிட்டாள்.

மல்லாந்தபடி பேசினால் சத்தமாகப் பேச வேண்டும். "மாடி வீட்டம்மாவுக்கு வாய் நீளம்ங்க" என்று அண்ணி கத்தியபோது, "யாருக்கு?" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. அத்தோடு கத்துவது நின்றது. காது மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். படுத்தால் தலையணையில் பட்டு விசில் அடிக்கிறது என்று அதற்கு அலமாரியில் நிரந்தர ஓய்வு.

"நாற்காலியில உட்காந்து பேசுங்களேன்" என்றேன்.

"உட்காந்து பேச இதென்ன பஞ்சாயத்தா?" என்றாள் அண்ணி.

கடைசியில் நானே தலையணைகளை இடம் மாற்றிப் போட்டேன். இப்போது அண்ணி அண்ணனுக்கு இடப்பக்கம். வலது தோள் கீழே இருக்க, வலியில்லாமல் அவனைப் பார்த்துப் படுக்கலாம். படுத்தாள், பேசினாள். அண்ணன் வழக்கம்போல மல்லாந்து 'ம்' கொட்டினான். அவள் பக்கம் இருப்பது செவிட்டுக் காது என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அண்ணிக்கும் சந்தேகம் தட்டியது. "வேனை வித்துட்டு எங்கயாவது போயிடறேன்" என்றாள்.

"ம்."

"உங்களுக்கு வேற பொண்ணு பாக்கட்டுமா?"

"ம்."

சமையலறையில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அண்ணி எழுந்து வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப இத்தனை வருஷமும் காதுல வாங்காமத்தான் ம் போட்டாரா?" என்று என்னைக் கேட்டாள். அன்றும் மறுநாளும் அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வீடாகவே இல்லை.

அண்ணனுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவனைத் தனியே இழுத்துப்போய் வலது காதில் விஷயத்தைப் போட்டேன்.

"அடப்பாவமே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஒண்ணும் கேக்கலதான். ஆனா இத்தனை நாளு வலியில கெடந்தவ ஆசையாப் பேசறா. போய் நிறுத்தவா முடியும்? அவ மூச்சு வாங்கற நேரம் பாத்து ம் போட்டேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

மறுநாள் மதியம் அண்ணி விறைப்பாக வந்து படுத்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு புரண்டு அவள் பக்கம் திரும்பினான். செவிட்டுக் காது தலையணைக்குள் போய், நல்ல காது மேலே வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம்! எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

"அன்னிக்கு எதுவும் காதுல விழல. நீ பேசறதை நிறுத்த மனசு வரல, அதான் ம் போட்டேன்" என்றான். "இப்ப நல்லாக் கேக்குது. சொல்லு."

அண்ணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். லாரிக்காரர்களையே வாயடைக்க வைக்கிறவளுக்குப் பேச்சு வரவில்லை.

"இப்படிப் பாத்தா எப்படிங்க சொல்றது?"

"எப்படிப் பாக்கறேன்?"

"மூஞ்சியையே பாக்கறீங்க."

உண்மைதான். அவள் பேசும்போது அவன் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"வேணும்னா கண்ணை மூடிக்கறேன்."

"வேணாம், வேணாம்" என்றாள் அவசரமாக.

நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் அந்த வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை. டீச்சர் சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"வேன்கிட்ட விழுந்தேன் பாருங்க, அப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றாள் அண்ணி. "நான் போயிட்டா இந்த மனுஷன் காதுல யாரு பேசுவான்னுதான் நெனச்சேன். வேற ஒண்ணும் தோணல."

அண்ணன் 'ம்' கொட்டவில்லை.

"நீ போயிட்டா இந்தக் காதும் எனக்கு எதுக்கு?" என்றான்.